நேவிகேஷன் ஆன்டெனா: இடம், கேபிள், துளை

சிறு விமானம் கட்டுகிறவர்கள் ரேடியோப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விலைப்பட்டியல் புரட்டுவார்கள். திரை எத்தனை அங்குலம், பொத்தான் எந்தப் பக்கம் என்றெல்லாம் விவாதம் நடக்கும். ஆன்டெனா எங்கே என்ற கேள்வி, தகடு முழுக்க ரிவெட் அடித்து மூடி, பெயின்ட்டுக்கு நாள் குறித்த பிறகுதான் எழும். அப்போது எங்கே கை நுழைகிறதோ அதுவே ஆன்டெனாவின் இடமாகிவிடும். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது: முதலில் இடம், பிறகு அந்த இடத்துக்கேற்ற ஆன்டெனா, அதற்குப் பிறகு கேபிள். பெட்டியைக் கடைசியில்கூட வாங்கலாம்.

உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலும் ஹேங்கரிலும் கட்டப்படும் விமானங்களை. வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசை போன்ற அலுமினிய இரண்டு இருக்கை விமானம் ஒன்று. பர்ட் ரூட்டனின் லாங்-ஈசி போன்ற ஃபைபர் கிளாஸ் விமானம் இன்னொன்று. சுயமாகக் கட்டிய விமானத்தில் இந்த வேலைகளைக் கட்டியவரே செய்யலாம். செஸ்னா, பைப்பர் போன்ற ஆலையில் தயாரான, சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் இயற்பியல் மாறாது, சட்டம் மாறும்: உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்து இல்லாமல் ஒரு துளைகூடப் போடக்கூடாது. வேறு நாட்டில் பதிவான விமானமாக இருந்தால் அந்த நாட்டு விமானத் துறையின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அலை, எந்தப் பக்கத்திலிருந்து

நேவிகேஷன் என்ற ஒரே பெயரின் கீழ் வரும் கருவிகள் வெவ்வேறு அலைவரிசையில் இயங்குபவை. தரையிலிருந்து திசை காட்டும் வி.ஓ.ஆர். நிலையங்களும், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரும் 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரை. ஓடுபாதையை நெருங்கும் வழியில் மேலே கடப்பதை உணர்த்தும் மார்க்கர் பீக்கன் 75 மெகாஹெர்ட்ஸ். ஜி.பி.எஸ். இவற்றையெல்லாம் விட்டு எங்கோ உயரத்தில், 1575.42 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். வி.ஓ.ஆர். பட்டையின் நடுவிலுள்ள 113ஐ எடுத்துக்கொண்டால் அலைநீளம் 2.65 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பிதான் வி.ஓ.ஆர். ஆன்டெனாவின் அடிப்படை. உலோகக் கம்பியில் சற்றுக் குறைத்து வெட்ட வேண்டியிருப்பதால் நடைமுறையில் சுமார் 1.26 மீட்டர், அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 63 செ.மீ.

அடுத்தது அலை எந்த வாட்டத்தில் வருகிறது என்பது. வி.ஓ.ஆர்., லோக்கலைசர், கிளைடு ஸ்லோப் மூன்றும் கிடைமட்டமாக ஆடும் அலைகள். ஆகவே ஆன்டெனாவும் படுத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் ரேடியோவின் அலை செங்குத்தானது. அதன் ஆன்டெனா நிமிர்ந்திருக்கும். வாட்டம் மாறினால் 20 டெசிபெல் அளவுக்கு, அதாவது நூறில் ஒரு பங்காகச் சிக்னல் சுருங்கிவிடலாம். இதில் ஓர் ஆதாயமும் உண்டு: பேச்சு ரேடியோவின் ஆன்டெனாவும் வி.ஓ.ஆர். ஆன்டெனாவும் பக்கத்துப் பட்டையில் இருந்தாலும், ஒன்று நின்றும் மற்றொன்று படுத்தும் இருப்பதால் ஒன்றின் தொல்லை மற்றதற்கு அதிகம் எட்டுவதில்லை. ஜி.பி.எஸ். அலை வலஞ்சுழியாகச் சுழன்று வருகிறது. அதன் ஆன்டெனா வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: வி.ஓ.ஆர். ஆன்டெனா பெரும்பாலான தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், ஜி.பி.எஸ். பொறுக்காது. வி.ஓ.ஆர். நிலையம் 50 முதல் 200 வாட் வரை ஒலிபரப்புகிறது, நீங்கள் அதிலிருந்து சில பத்து மைலில் இருக்கிறீர்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் சிக்னல் உங்கள் விமானத்தை எட்டும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சமிருக்கும். கட்டுகிறவர்கள் செய்வதோ இதற்கு நேர்மாறு. வி.ஓ.ஆர். கம்பியின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துவிட்டு, ஜி.பி.எஸ். ஆன்டெனாவை இடம் கிடைத்த மூலையில் வைத்துவிடுவார்கள்.

ஜி.பி.எஸ். இருக்கும்போது வி.ஓ.ஆர். எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்க விமானத் துறை தன் வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஆனால் முழுதாக மூடவில்லை. சுமார் 590 நிலையங்களை வைத்துக்கொள்வது என்பது திட்டம். ஜி.பி.எஸ். செயலிழந்தாலும், தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில் ஏதாவது ஒரு வி.ஓ.ஆர். கிடைக்க வேண்டும், 100 கடல் மைலுக்குள் ஜி.பி.எஸ். உதவியின்றி இறங்கக்கூடிய ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ராணுவம் ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சோதனை நடத்தும் நாட்களில் விமானிகளுக்கு அறிவிப்பு வருகிறது. நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா பாலைவனப் பக்கம் பறப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி. மேகத்துக்குள் பறக்கும் எண்ணம் இருந்தால் வி.ஓ.ஆர். ஆன்டெனா ஒன்றை வைத்துவிடுங்கள். வெயில் நாளில் மட்டும் பறப்பவர் தாராளமாக விட்டுவிடலாம், மனசாட்சி உறுத்தத் தேவையில்லை.

வி.ஓ.ஆர். ஆன்டெனா வகைகள்

மிகப் பழையது, மலிவானது, இன்றும் குறை சொல்ல முடியாதது, பூனை மீசை என்று விமானிகள் அழைக்கும் இரண்டு கம்பி. செங்குத்து வாலின் உச்சியில் வி வடிவத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். எல்லாத் திசையிலும் நன்றாகக் கேட்கும், கவனிக்க வேண்டியது குறைவு. வேகமாகப் பறக்கும் விமானத்தில் அதன் காற்றுத்தடை சிலருக்கு உறுத்தும். வால் தாழ்வாக உள்ள விமானத்தில் கம்பி நுனி கண்ணுயரத்தில் நிற்கும் என்பதால், ஹேங்கரில் நிறுத்தும்போது நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். நுனியில் உள்ள சிறு உருண்டை அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. மழையிலும் பனித்தூளிலும் பறக்கும்போது விமானத்தில் சேரும் நிலைமின்சாரம் கூர்நுனி வழியாகக் கசிந்தால் ரேடியோவில் இரைச்சல் கிளம்பும். உருண்டை அதைக் குறைக்கிறது. உருண்டை விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, செங்குத்து வாலின் இரு பக்கமும் ஒட்டி வைக்கும் பிளேடு அல்லது துண்டு மாட்டும் கம்பி போன்ற வளைய ஆன்டெனா. இரண்டு பக்கத்தையும் சமமாக இணைக்கும் கேபிள் கட்டோடு வருகிறது. தினமும் மேகத்தில் பறப்பவர், இரண்டு ரிசீவர் வைத்திருப்பவர், பணம் உள்ளவர் இதை எடுக்கலாம். இரு பக்கத்துக் கேபிளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதால் தொழிற்சாலை தரும் கட்டை வெட்டிச் சுருக்காதீர்கள்.

மூன்றாவதைத்தான் ஆர்.வி. கட்டுகிறவர்கள் அதிகம் விரும்புகிறார்கள்: இறக்கை நுனிக்குள் மறைத்துவைப்பது. ஆர்.வி.யின் இறக்கை அலுமினியம், நுனி மூடி மட்டும் ஃபைபர் கிளாஸ். ஃபைபர் கிளாஸ் வழியே ரேடியோ அலை தடையின்றிப் போகும். பாப் ஆர்ச்சர் வடிவமைத்த தகட்டு ஆன்டெனா இந்த மூடிக்குள் கச்சிதமாக உட்காரும். காற்றுத்தடை பூஜ்யம், வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஆன்டெனாவின் அடித்தட்டு இறக்கையின் அலுமினியத்தோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டாமல் திருகினால் ஆன்டெனா பாதி உயிரோடுதான் இருக்கும். நுனியில் உள்ள பொசிஷன் விளக்குக்குப் போகும் ஒயர் ஆன்டெனாவுக்குக் குறுக்கே ஓடக்கூடாது; அதன் உலோக விளிம்பை ஒட்டியே கொண்டுபோக வேண்டும். இப்போதைய எல்.இ.டி. ஸ்ட்ரோப் விளக்குகளில் உள்ள மின்சுற்று சில நேரம் வி.எச்.எஃப். பட்டையில் இரைச்சல் கொட்டும். விளக்கு வாங்கும்போதே இதை விசாரித்துவிடுங்கள், பிறகு ஃபில்டர் தேடி அலைவதைவிட அது சுலபம். விமானத்தின் உடலும் மறுபக்க இறக்கையும் ஒரு பக்கத்தை ஓரளவு மறைக்கும். வி.ஓ.ஆரின் வலுவான சிக்னலுக்கு அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. இதே ஆசையில் பேச்சு ரேடியோவின் ஆன்டெனாவையும் மறுபக்க இறக்கை நுனியில் ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள். அது செங்குத்தாக நிற்க வேண்டியது, நுனி மூடியோ தட்டை. பலன் சுமார்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான்காவது, ஃபைபர் கிளாஸ் அல்லது மர விமானத்துக்கானது. ஜிம் வியர் என்ற ரேடியோ பொறியாளர் ரூட்டனின் விமானங்களுக்காகப் பரவலாக்கிய முறை இது. ஒட்டும் செப்பு நாடாவை வி வடிவில், ஒவ்வொரு கையும் 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக, இறக்கைக்குள்ளோ உடலின் அடியிலோ ஒட்டி, நடுவில் கோஆக்ஸ் கேபிளைப் பற்ற வைத்து, கேபிளின் மேல் சில ஃபெரைட் வளையங்களைக் கோப்பது. செலவு சில டாலர். இரு கை கொண்ட ஆன்டெனா சமநிலை உள்ளது, கோஆக்ஸ் கேபிள் அப்படியல்ல. நேரடியாக இணைத்தால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக நடிக்கத் தொடங்கும். அதைத் தடுப்பதுதான் வளையங்களின் வேலை. நாடாவின் மேல் இன்னொரு அடுக்கு ஃபைபர் கிளாஸ் போர்த்தும் முன் பற்றவைப்பைச் சோதித்துவிடுங்கள். மூடிய பிறகு அதை எடுக்க இறக்கையை அறுக்க வேண்டும்.

கார்பன் ஃபைபரை ஃபைபர் கிளாஸின் தம்பி என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். பார்க்க இரண்டும் பிசினில் தோய்ந்த துணிதான். ஆனால் கார்பன் மின்சாரம் கடத்தும். அதற்குள் வைத்த ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள் வைத்ததற்குச் சமம். கார்பன் விமானத்தில் ஆன்டெனா வெளியேதான் இருக்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் மட்டும் ஃபைபர் கிளாஸ் ஜன்னல் ஒன்று விட்டிருக்க வேண்டும். உலோகத் துகள் கலந்த பெயின்ட்டையும் ஆன்டெனா மேல் பூசாதீர்கள்.

கிளைடு ஸ்லோப்புக்குத் தனி ஆன்டெனா பெரும்பாலும் தேவைப்படாது. 330 மெகாஹெர்ட்ஸ் என்பது 110இன் மூன்று மடங்கு. 110க்கு வெட்டிய கம்பி 330இலும் ஓரளவு ஒத்திசைந்து வேலை செய்யும். ஆகவே வி.ஓ.ஆர். ஆன்டெனாவிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். ரிசீவரில் ஒரே ஆன்டெனா வாய் இருக்கிறதா, கிளைடு ஸ்லோப்புக்குத் தனி வாய் இருக்கிறதா என்று அதன் கையேட்டில் பாருங்கள். தனி வாய் இருந்தால் நடுவே இரு அலைவரிசைகளையும் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிப்ளெக்சர் வேண்டும். இரண்டு ரிசீவருக்கு ஒரே ஆன்டெனா என்றால் ஸ்பிளிட்டர் வேண்டும். அதில் சிக்னல் பாதியாகும், 3 டெசிபெல் போகும். வி.ஓ.ஆர். அதையும் தாங்கும்.

மார்க்கர் பீக்கனுக்கு இன்று யாராவது ஆன்டெனா வைக்கச் சொன்னால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். அமெரிக்காவில் அவை கழற்றப்பட்டுவருகின்றன. வைத்தே தீர வேண்டும் என்றால், விமானத்துக்கு நேர் கீழிருந்து வரும் பலமான சிக்னல் அது. ஃபைபர் கிளாஸ் எஞ்சின் மூடியின் அடியில் ஒரு மீட்டர் ஒயரை ஒட்டினால்கூடப் போதும்.

ஜி.பி.எஸ்.: இங்கே கறாராக இருங்கள்

உச்சி, நடு, மட்டம்: ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கு இந்த மூன்றும் வேண்டும். காக்பிட்டுக்குப் பின்னால், உடலின் முதுகில், விமானம் நிமிர்ந்து பறக்கும்போது ஆன்டெனா மட்டமாக இருக்கும்படி வையுங்கள். வால் சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும்; அந்தச் சாய்வைப் பார்த்து மட்டம் பிடிக்காதீர்கள், பறக்கும் நிலைதான் கணக்கு. ஆர்.வி. கட்டுகிறவர்களில் சிலர் ஃபைபர் கிளாஸ் எஞ்சின் மூடிக்குக் கீழே, ஃபயர்வாலின் முன்னால் சிறு தட்டு வைத்து அதில் பொருத்துகிறார்கள். வெளியே தெரியாது என்பது அவர்கள் வாதம். எஞ்சின் வெப்பமும் அதிர்வும் அங்கேதான் அதிகம். வழி காட்டும் முதன்மைக் கருவிக்கு அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரைக்கு உதவும் இரண்டாவது ஜி.பி.எஸ். என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சு ரேடியோவின் ஆன்டெனாவிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளி வையுங்கள். இன்னும் விலக இடம் இருந்தால் விலகுங்கள். இரண்டு ஜி.பி.எஸ். ஆன்டெனா பக்கம் பக்கமாக வந்தால் நடுவுக்கு நடு ஓர் அடியாவது வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழும்.

ரேடியோவிலிருந்து ஏன் விலக வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. 121.175ஐ 13ஆல் பெருக்குங்கள்: 1575.275. 131.275ஐ 12ஆல் பெருக்குங்கள்: 1575.3. இரண்டும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42ஐ உரசிக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் பேச்சுப் பொத்தானை அழுத்தும்போது ரேடியோ தன் அலைவரிசையோடு அதன் மடங்குகளையும் மிக மெல்லியதாகக் கசியவிடும். சாதாரணக் கருவிக்கு அந்தக் கசிவு ஒன்றுமில்லை. செயற்கைக்கோளின் சிக்னலோ அதைவிட மெல்லியது. இதனால்தான் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய ஆறு அலைவரிசைகளிலும் அரை நிமிடம் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, செயற்கைக்கோள்கள் திரையிலிருந்து மறைகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சோதனையில் தோற்றால் உடனே ரேடியோவைத் திட்டாதீர்கள். விபத்தின்போது உதவி கேட்கும் ஈ.எல்.டி. கருவியின் ஆன்டெனாக் கேபிளைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஈ.எல்.டி. அணைந்திருக்கும்போதுகூட, ரேடியோவின் சிக்னலை வாங்கி மடங்குகளாகத் திருப்பி உமிழும் வேலையை அது சில நேரம் செய்கிறது. கழற்றியதும் கோளாறு நின்றால் ஆசாமி அதுதான். அதன் கேபிளில் ஒரு நாட்ச் ஃபில்டர் போட வேண்டும், அல்லது ஆன்டெனாவைத் தள்ளி வைக்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஈ.எல்.டி. கேபிளை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

மேகத்தில் வழிகாட்டும் அங்கீகாரம் பெற்ற ஜி.பி.எஸ். பெட்டிக்கு, அதன் நிறுவல் கையேட்டில் பெயர் சொல்லியிருக்கும் ஆன்டெனாவைத்தான் வாங்க வேண்டும். பழைய விமானத்திலிருந்து கழற்றிய ஒன்று கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகப் பொருந்திவிடாது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்குள் ஒரு பெருக்கி இருக்கிறது. அதற்கான மின்சாரம் பெட்டியிலிருந்து அதே கோஆக்ஸ் கேபிள் வழியாகப் போகிறது. வோல்ட் மாறினால் பெருக்கி கருகும் அல்லது தூங்கும். பெருக்கத்தின் அளவு மாறினால் பெட்டி திணறும். கேபிள் மிகக் குட்டையாக இருந்தாலும் தொல்லை உண்டு: கேபிளில் ஓரளவு இழப்பு இருக்கும் என்று எண்ணியே பெருக்கியை வடிவமைத்திருக்கிறார்கள். கையேடு குறைந்தபட்ச இழப்பு எவ்வளவு என்று சொன்னால், மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்தாவது அந்த நீளத்தைக் கொடுங்கள்.

கேபிள்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம்: ஆர்.ஜி.400 வாங்குங்கள். பழைய விமானங்களில் ஓடும் ஆர்.ஜி.58 கேபிளின் உள்காப்பு பாலித்தீன். சூட்டிலும் இறுக்கமான வளைவிலும் அது மெல்ல இளகி, நடுக்கம்பி ஓரமாக நகர்ந்துவிடும். மேலுறை பி.வி.சி., தீப்பிடித்தால் புகை மோசம். ஆர்.ஜி.400இன் உள்காப்பு டெஃப்லான், வெள்ளி முலாமிட்ட பின்னல் இரண்டு அடுக்கு. வி.ஓ.ஆர். பட்டையில் இரண்டின் இழப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்கை நுனியிலிருந்து காக்பிட் வரையுள்ள ஐந்தாறு மீட்டரில் ஒரு டெசிபெல் போகும், கவலை இல்லை. ஜி.பி.எஸ். பட்டையில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே ரகம் வாங்கினால் ஒரே கனெக்டர், ஒரே கிரிம்ப் கருவி போதும்.

அந்தக் கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். ரேடியோ மக்கர் செய்கிறது என்று பெட்டியைக் கழற்றி அனுப்பும் பலருக்கு, கோளாறு உண்மையில் பி.என்.சி. கனெக்டரில்தான் இருக்கும். சரியான அளவு டை உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். இடுக்கியால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. கேபிளை அதன் தடிமனைப்போல் பத்து மடங்கு ஆரத்துக்கும் குறைவாக வளைக்காதீர்கள். ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு சிறு தொங்கல் விட்டால், கசியும் மழைநீர் கனெக்டருக்குள் போகாமல் அங்கிருந்து சொட்டிவிடும். கேபிளின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பேனலுக்குப் பின்னால் தலைகீழாகப் படுத்துக்கொண்டு ஐந்து கறுப்புக் கேபிளில் எது எது என்று தேடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

துளை போடும் நாள்

உடலின் தகடு மெல்லியது. அதில் ஆன்டெனாவை அப்படியே திருகினால், காற்றில் அது ஆடி, சில வருடத்தில் திருகுத் துளைகளிலிருந்து விரிசல் ஓடும். ஆகவே உள்பக்கம் டபுளர் எனப்படும் வலுவூட்டும் தகடு வைக்க வேண்டும். அதே ரக அலுமினியம், தோல் தகட்டின் தடிமன் அல்லது அதற்கு ஒரு படி கூட. முடிந்தால் இரு பக்கச் சட்டங்களையும் எட்டிப் பிடிக்கும் அகலத்தில் வெட்டுங்கள். காற்று ஆன்டெனாவை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அமெரிக்க விமானத் துறையின் ஏ.சி. 43.13-2 கையேட்டில் ஒரு கணக்கு உண்டு: முன்பக்கப் பரப்பைச் சதுர அடியிலும், விமானத்தின் உச்ச வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்து, 0.000327 × பரப்பு × வேகத்தின் வர்க்கம். 0.1 சதுர அடி, 200 மைல் என்றால் 1.3 பவுண்டு, அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவுதானா என்று தோன்றும். தகட்டைக் கெடுப்பது இந்த இழுப்பு அல்ல, மணிக்கணக்காக அது நடுங்கிக்கொண்டே இருப்பதுதான். டபுளரை இழுவைக் கணக்குக்கு மட்டும் வெட்டாமல் தாராளமாக வெட்டுங்கள்.

இடத்தைக் குறிக்கும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கேபிள், ரிவெட் வரிசை, சட்டம் எல்லாம் துளையிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஆன்டெனாவோடு வரும் காகித அச்சை ஒட்டி, நடுக்கோட்டை விமானத்தின் மூக்கிலிருந்து வால் வரை கட்டிய நூலால் சரிபாருங்கள். சில ஆன்டெனாக்களில் அம்புக்குறி முன்னோக்கி இருக்க வேண்டும். டபுளரை முதலில் தற்காலிகமாகப் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே துளையிடுங்கள்.

வேலையின் உயிர் நாடி, ஆன்டெனாவின் அடிப்பாகமும் விமானத்தின் உலோகமும் தொடும் இடம்தான். அங்கே பெயின்ட், பிரைமர், ஆனோடைஸ் பூச்சு எதுவும் இருக்கக்கூடாது. பளபளக்கத் தேய்த்து, மின்சாரம் கடத்தும் அலோடின் பூச்சு மட்டும் கொடுங்கள். ஆன்டெனா அடிக்கும் உடலுக்கும் இடையே மின்தடை 3 மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. சாதாரண மல்டிமீட்டரால் அவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியாது. மில்லி ஓம் மீட்டரை ஹேங்கர் நண்பர்களிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். சீலன்ட்டை அடியில் தடவாமல் சுற்று விளிம்பில் மட்டும் பூசுங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் அலுமினியத்தை அரிக்கும். குளியலறைக்கு வாங்கியதை இங்கே கொண்டுவராதீர்கள்.

உலோகம் இல்லாத விமானத்தில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கும், செங்குத்துக் கம்பி ஆன்டெனாவுக்கும் தரைத்தளம் செய்து கொடுக்க வேண்டும். உள்பக்கம் அலுமினியத் தாளோ செப்பு நாடாவோ ஒட்டி, அதை ஆன்டெனாவின் திருகுகளோடு இணைத்துவிடலாம். நாடாவால் செய்த வி வடிவ வி.ஓ.ஆர். ஆன்டெனாவுக்குத் தரைத்தளம் தேவையில்லை. பக்கத்தில் ஓடும் உலோகத் தண்டுகளிலிருந்தும் ஒயர்களிலிருந்தும் அதை விலக்கி வைத்தால் போதும்.

தரையிலும் மேலேயும் சோதனை

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓம்மீட்டரை ஆன்டெனாவின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் வைத்துப் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறதே, ஷார்ட் ஆகிவிட்டது என்று பதறி ஆன்டெனாவைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. பல ஆன்டெனாக்கள் நேர் மின்சாரத்துக்கு ஷார்ட்டாகத்தான் தெரியும், அவற்றின் உள்ளமைப்பே அப்படி. கேபிளைத் தனியாகச் சோதிக்கத்தான் ஓம்மீட்டர்.

ஆன்டெனாவைச் சோதிக்க, எவ்வளவு சிக்னல் திரும்பிப் போகிறது என்று சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்க வேண்டும். நூறு டாலருக்கும் குறைவாக இன்று கிடைக்கும் நானோ வி.என்.ஏ. என்ற கையடக்க அளவுக் கருவி போதும். விமானத்தை ஹேங்கருக்கு வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். உலோகக் கூரைக்குக் கீழே எடுத்த அளவு கூரையைப் பற்றியது. இறக்கை நுனி மூடியை மாட்டிய நிலையில், பெட்டி பக்கத்துக் கேபிள் முனையில் 108 முதல் 118 வரை ஓட்டிப் பாருங்கள். 2க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 3 வரை போனால் கால் பங்கு சிக்னல் திரும்பிப் போகிறது என்று பொருள். வாங்கும் வேலை மட்டும் செய்யும் வி.ஓ.ஆர். ஆன்டெனாவுக்கு அது பெரிய இழப்பு அல்ல. ஒலிபரப்பும் ரேடியோவின் ஆன்டெனாவுக்கு இதே சலுகை கிடையாது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவை இந்தக் கருவியால் அளக்க முயலாதீர்கள், உள்ளே பெருக்கி இருக்கிறது.

பிறகு பறந்து பார்ப்பது. 3,000 அடியில், 30 அல்லது 40 கடல் மைல் தொலைவிலுள்ள வி.ஓ.ஆர். நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, லேசான சாய்வில் முழு வட்டம் சுற்றுங்கள். சிக்னல் இல்லை என்று சொல்லும் கொடி எந்தத் திசையில் எட்டிப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும் வேலையை உடன் வருபவர் செய்யட்டும், உங்கள் கண் வெளியே இருக்கட்டும். குறிப்பிட்ட திசையில் மட்டும் கொடி வந்தால் அந்தப் பக்கம் ஏதோ மறைக்கிறது. எல்லாத் திசையிலும் பலவீனம் என்றால் கனெக்டரைச் சந்தேகியுங்கள். ஊசி நிலையில்லாமல் அசைந்தால் எஞ்சின் சுழற்சியைச் சற்று மாற்றிப் பாருங்கள், சில ஆர்.பி.எம்.களில் சுழலும் ப்ரொப்பெல்லர் சிக்னலைத் தாளம் போட்டு வெட்டுவதால் ஊசி 6 டிகிரி வரை ஆடக்கூடும். ஊசி அமைதியானால் ஆன்டெனாவில் குற்றம் இல்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவான போன் சார்ஜரையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். வி.எச்.எஃப். இரைச்சலின் பிறப்பிடம் அதுவாக இருப்பது வியப்பளிக்கும் அளவுக்குச் சகஜம்.

லோக்கலைசரும் கிளைடு ஸ்லோப்பும் சேர்ந்து ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். வழியில் தெளிந்த வானிலையில் இரண்டு மூன்று முறை இறங்கிப் பார்த்து, கிளைடு ஸ்லோப் எந்தத் தொலைவில் உயிர் பெறுகிறது என்று குறியுங்கள். ஃபிளாப்பையும் சக்கரத்தையும் இறக்கிய நிலையிலும் ஒரு முறை செய்யுங்கள். விமானத்தின் மூக்கு நிற்கும் கோணம் மாறும்போது மறைப்பும் மாறுகிறது.

மேகத்தில் வி.ஓ.ஆரை நம்பிப் பறக்க வேண்டுமானால், அமெரிக்க விதி 91.171இன்படி முந்தைய 30 நாளுக்குள் துல்லியச் சோதனை செய்திருக்க வேண்டும். வி.ஓ.டி. சோதனைச் சிக்னலிலோ தரையில் குறிக்கப்பட்ட இடத்திலோ 4 டிகிரிக்குள், பறந்தபடி ஒரு குறியிடத்தின் மேல் என்றால் 6 டிகிரிக்குள் பிழை இருக்கலாம். தேதி, இடம், பிழை, கையெழுத்து நான்கையும் எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. ஆன்டெனா, டபுளர், கேபிள் மூன்றின் எடையையும், அவை பொருத்தப்பட்ட தொலைவையும் எடைச் சமநிலைத் தாளில் சேருங்கள். வாலின் உச்சியில் ஏறிய சில நூறு கிராமுக்கு நெம்புகை நீளம் அதிகம் என்பதால், கணக்கில் அது நினைத்ததைவிடப் பெரிதாக வரும். மூடுவதற்கு முன் எடுத்த உள்பக்கப் படங்களையும், நானோ வி.என்.ஏ. திரையின் படத்தையும் விமானத்தின் பதிவேட்டோடு வையுங்கள். வருடாந்தர ஆய்வில் அதே அளவை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கனெக்டருக்குள் ஈரம் போயிருக்கிறது என்பது ரேடியோ மௌனமாவதற்கு முன்பே தெரிந்துவிடும்.